பேனுக்கு நறுமண எண்ணெய்: எது சாகும், எது தப்பும்?

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பேன் எப்போதாவது வந்தே தீரும். முன்பு வேப்பெண்ணெய், துளசிச் சாறு, கற்பூரம் போட்ட தேங்காய் எண்ணெய் என்று கைவைத்தியம் நடக்கும். இப்போது அந்த இடத்தை டீ ட்ரீ ஆயில், லாவெண்டர் ஆயில், யூகலிப்டஸ் ஆயில் என்று சின்னச் சின்னப் பழுப்பு பாட்டில்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. "இயற்கையானது, பக்க விளைவே கிடையாது, ஷாம்பூவில் மூன்று சொட்டு விட்டால் போதும்" என்று யாராவது சொல்ல, நாமும் வாங்கிவிடுகிறோம்.

இந்த எண்ணெய்கள் பேனைக் கொல்லுமா? கொல்லும். ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள், குழந்தைகளின் தலையிலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வில் பூசிய மருந்துக்கும் நாம் மூன்று சொட்டு விட்டுக் கலக்குவதற்கும் நிறைய தூரம். அதோடு, பேன் செத்தாலும் ஈர் தப்பிவிட்டால் பத்து நாளில் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இந்த இரண்டு விஷயமும் பிடிபட்டால் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில், எந்த எண்ணெயைப் பற்றிப் பேசுகிறோம்?

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் விதையையோ பருப்பையோ ஆட்டிப் பிழிந்து எடுப்பவை. அவை கொழுப்பு. நறுமண எண்ணெய், அதாவது கடைக்காரர் எசென்ஷியல் ஆயில் என்று எடுத்துத் தருவது, வேறு சாதி. இலையையோ பூவையோ பட்டையையோ நீராவியில் வேகவைத்து, வரும் ஆவியைக் குளிரவைத்தால் பெரும்பாலும் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் மிதக்கும். அதைப் பிரித்து எடுப்பார்கள். ஊட்டிப் பக்கம் தைலம் காய்ச்சும் கொட்டகைகளில் நடப்பது இதுதான். நம் வீட்டு நீலகிரித் தைலமும், அதாவது யூகலிப்டஸ் ஆயிலும், ஒரு நறுமண எண்ணெய்தான், பெயர் மட்டும் பழசு.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டும், நீலகிரித் தைலம் ஒரு சொட்டும் வைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கும். தைலம் கொஞ்ச நேரத்தில் பறந்து, தாள் கிட்டத்தட்ட பழையபடி ஆகிவிடும். இப்படி ஆவியாகும் சிறு மூலக்கூறுகளின் கலவைதான் நறுமண எண்ணெய். பெரும்பாலும் டெர்பீன் வகைச் சேர்மங்கள். நீலகிரித் தைலத்தில் முக்கியமானது 1,8-சினியோல். டீ ட்ரீ ஆயிலில் டெர்பினென்-4-ஆல். கிராம்பு எண்ணெயில் யூஜினால்.

டீ ட்ரீ என்றதும் சிலர் தேயிலை என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் சதுப்பு நிலங்களில் வளரும் மெலலூக்கா அல்டர்னிஃபோலியா என்ற மரத்தின் இலையிலிருந்து வருவது இது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பண்ட்ஜலங் மக்கள் இதன் இலையை நசுக்கி வெகுகாலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1920களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற சிட்னி வேதியியலாளர் இதன் கிருமிக்கொல்லித் தன்மையை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் வெளியுலகச் சந்தைக்கு வந்தது. பேனுக்கான நறுமண எண்ணெய் ஆய்வுகளில் முக்கியமான சில ஆஸ்திரேலியாவிலிருந்தே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிரி யார்?

முழுதாக வளர்ந்த பேன் எள்ளளவுதான், 2 முதல் 3 மில்லிமீட்டர். சிறகு கிடையாது, தத்தவும் தெரியாது. ஊர்ந்துதான் போகும். ஆறு கால்களின் நுனியிலும் முடியைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி உண்டு. அதனால்தான் சாதாரணமாகத் தலைக்குக் குளித்தால் போவதில்லை. ஒரு நாளைக்குச் சில தடவை இரத்தம் குடிக்கும். தலையைவிட்டுக் கீழே விழுந்துவிட்டால் ஓரிரு நாளில் பட்டினியால் செத்துவிடும். சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பாகுபாடு அதற்கில்லை. தலையோடு தலை ஒட்டும் இடத்தில் ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான். பேன் வந்தால் வளர்ப்பு சரியில்லை என்று ஒரு தாயைப் பார்த்துப் பேசுவது அநியாயம்.

பெண் பேன் ஏறக்குறைய ஒரு மாதம் வாழும். நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு முட்டை வரை இடும். அதைத்தான் ஈர் என்கிறோம். தோலுக்கு ஒட்டினாற்போல, முடியின் அடியில், சிமெண்ட் போல இறுகும் ஒரு பசையால் ஒட்டிவைக்கும். ஏழு முதல் பத்து நாளில் ஈர் பொரியும். வெளியே வரும் குஞ்சு மூன்று முறை தோலுரித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு நாளில் முட்டையிடும் வயதுக்கு வரும்.

இந்த நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

எண்ணெய் எப்படிக் கொல்கிறது?

பேனின் உடலை ஒரு மெழுகுப் படலம் மூடியிருக்கிறது. தண்ணீர் உள்ளே போகாது, ஆனால் டெர்பீன்கள் கொழுப்பில் கரையக்கூடியவை, அந்தப் படலத்தைச் சுலபமாகக் கடந்துவிடும். பேனின் பக்கவாட்டில் இருக்கும் மூச்சுத் துளைகள் வழியாக ஆவியாகவும் நுழையும். மூடிய டப்பாவில் பேனை வைத்து 1,8-சினியோலின் ஆவியை மட்டும் காட்டினாலே அது மயங்கி விழுவதை அர்ஜென்டினா ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

உள்ளே போன பிறகு நடப்பது பெரும்பாலும் நரம்பு வேலை. நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின், வேலை முடிந்ததும் உடைக்கப்பட வேண்டும். உடைக்கும் நொதியைச் சில டெர்பீன்கள் தடுக்கின்றன. பூச்சிகளின் உடலில் முக்கியமான ஆக்டோபமைன் என்ற இன்னொரு செய்தி வழியையும் சில குழப்புகின்றன. பேன் முதலில் தள்ளாடும், அப்புறம் கால் இழுக்கும், அப்புறம் அசைவே இராது. ஒரே எண்ணெயில் பல சேர்மங்கள் இருப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அடி விழுகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் பழைய மருந்துகள் பல ஊர்களில் முனை மழுங்கிவிட்டன. அவற்றில் ஒன்றான பெர்மெத்ரின் ஒரே ஒரு இடத்தைத்தான், நரம்புக்குள் சோடியம் நுழையும் வழியைத்தான், தாக்குகிறது. அந்த இடத்தில் மரபணு சற்று மாறிய பேன்கள் தப்பிப் பெருகிவிட்டன. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் பேன் சேகரித்துச் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. எதிர்ப்புத் தரும் மரபணு மாற்றம் அந்தப் பேன்களில் சராசரியாக 98 சதவீதம் அளவுக்கு இருந்தது. மாற்று தேடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். இயற்கை மோகம் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது.

தேங்காய் எண்ணெயைத் தலை முழுக்க அப்பினால் பேன் மூச்சுமுட்டிச் சாகாதா என்று கேட்கலாம். கொஞ்சம் சாகும், நிறைய மந்தமாகும். பேன் தன் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீரில் மூழ்கடித்தாலும் பல மணி நேரம் கழித்து எழுந்துவிடும். எண்ணெயில் அசையாமல் கிடக்கும் பேனைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆனால் அது மந்தமாகக் கிடக்கும் நேரம்தான் சீப்பால் வாரி எடுக்கத் தோதான நேரம்.

ஈர்தான் உண்மையான சிக்கல்

ஈரின் ஓடு கெட்டி. ஒரு முனையில் மூடி, அந்த மூடியில் காற்றுப் போக மிக நுண்ணிய துளைகள். எண்ணெய் உள்ளே போக வேண்டுமானால் பெரும்பாலும் அந்தத் துளைகள் வழியாகத்தான் போக வேண்டும். இன்னொரு தடங்கலும் உண்டு. இட்டுச் சில நாள் வரை உள்ளிருக்கும் கருவுக்கு நரம்பு மண்டலமே உருவாகியிருக்காது. நரம்பைத் தாக்கும் மருந்து அங்கே போய் எதைத் தாக்கும்?

ஆஸ்திரேலியாவின் பார்க்கர், ஆல்ட்மன் என்ற இருவர் 2011இல் இதை நேராகவே சோதித்து எழுதினார்கள். ஒரே ஒரு முறை பூசிய பிறகு எத்தனை சதவீத ஈர் அழிகிறது என்று பார்த்தார்கள். டீ ட்ரீயும் லாவெண்டரும் சேர்ந்த மருந்தில் 44 சதவீதம். மூச்சை அடைக்கும் வகை மருந்தில் 68 சதவீதம். யூகலிப்டஸும் எலுமிச்சை வாசமுள்ள இன்னொரு ஆஸ்திரேலிய மர எண்ணெயும் சேர்ந்ததில் வெறும் 3 சதவீதம்.

அதாவது இருப்பதில் தேவலையான எண்ணெய்க் கலவையே பாதிக்கு மேல் ஈரை விட்டுவிடுகிறது. இத்தாலியில் 2012இல் வெளியான இன்னொரு ஆய்விலும் இதே போக்குதான்: 1 சதவீத டீ ட்ரீ எண்ணெய் அரை மணி நேரத்தில் எல்லாப் பேனையும் கொன்றது, ஆனால் ஈருக்கு எதிராக நெரோலிடால் என்ற வேறொரு சேர்மம்தான் மேலாக இருந்தது.

ஆகவே எண்ணெய் எதுவானாலும் ஒரு தடவை பூசுவது பாதி வேலைதான். முன்பு சொன்ன நாள் கணக்கு இங்கேதான் வருகிறது. இன்று பூசினால் இன்றிருக்கும் பேன் சாகும். மிச்சமிருக்கும் ஈர் பத்து நாளுக்குள் பொரியும். அந்தக் குஞ்சுகள் முட்டையிடும் வயதுக்கு வருவதற்குள் அடுத்த தடவை பூசிவிட வேண்டும். ஒரே தடவை மீண்டும் பூசும் மருந்து என்றால் ஒன்பதாம் நாள் வாக்கில் செய்வது நல்லது. வாரம் ஒன்றாக மூன்று தடவை என்பது இன்னும் பாதுகாப்பான கணக்கு. இதைத் தவறவிட்டுவிட்டு "டீ ட்ரீ ஆயில் கேட்கவே இல்லை" என்று எண்ணெயைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

குழந்தைகளின் தலையில் என்ன நடந்தது?

அதே பார்க்கரும் ஆல்ட்மனும் 2010இல் வெளியிட்ட ஆய்வைத்தான் டீ ட்ரீ விற்பவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 123 குழந்தைகள். 10 சதவீத டீ ட்ரீ எண்ணெயும் 1 சதவீத லாவெண்டரும் கலந்த மருந்தைப் பெற்றவர்களில் 97.6 சதவீதம் பேருக்குக் கடைசியில் உயிருள்ள பேன் இல்லை. மூச்சை அடைக்கும் மருந்துக்கும் அதே 97.6. பெர்மெத்ரினைப் போலவே நரம்பின் சோடியம் வழியைத் தாக்கும் பைரெத்ரின் மருந்துக்கு 25 சதவீதம்தான்.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் எண்ணெய் மருந்தை வாரம் ஒன்றாக மூன்று தடவை பூசினார்கள், பைரெத்ரினை இரண்டு தடவை. அந்தந்த மருந்தின் பாட்டிலில் சொன்னபடி செய்ததால் இதில் தப்பில்லை. என்றாலும் ஒப்பீடு சமமான ஓட்டம் இல்லை. கடைசிப் பூச்சுக்கு மறுநாளே பார்த்துவிட்டார்கள், இரண்டு வாரம் கழித்து என்ன ஆனது என்று அந்த எண் சொல்லாது. பைரெத்ரினுக்குப் பழகிப்போன பேன்கள் உள்ள இடத்தில் எதை எதிரில் நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பதும் உண்மை.

தேங்காய் எண்ணெய்க்காரர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. இஸ்ரேலில் 2002இல் வெளியான ஆய்வில் தேங்காய் எண்ணெய், சோம்பு எண்ணெய், இலாங் இலாங் என்ற பூவின் எண்ணெய் மூன்றும் கலந்த ஸ்ப்ரே, பூச்சிக்கொல்லி ஸ்ப்ரேக்குச் சமமாக, இரண்டுமே ஏறக்குறைய 92 சதவீதம், வேலை செய்தது. இங்கிலாந்தில் 2010இல் தேங்காய்–சோம்பு ஸ்ப்ரேயை 50 பேருக்கும் பெர்மெத்ரினை 50 பேருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்தில் 41 பேர் தேறினார்கள், இரண்டாவதில் 21 பேர்.

இத்தனைக்கும் பிறகு பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் என்ன சொல்கிறது தெரியுமா? டீ ட்ரீ, யூகலிப்டஸ், லாவெண்டர் எண்ணெய்களைப் பேனுக்குப் பரிந்துரைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் அதே பட்டியலில் பெர்மெத்ரினும் இருக்கிறது. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆய்வில் ஜெயித்தது குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட தரத்தில், குறிப்பிட்ட கலவையில் தயாரித்த மருந்து. கடையில் "டீ ட்ரீ ஆயில்" என்று எழுதி விற்கும் பாட்டிலுக்கெல்லாம் அந்தச் சான்றிதழ் சேராது.

மூன்று சொட்டுக் கணக்கு

இந்த வித்தியாசத்தை எண்ணில் பார்த்துவிடலாம். ஒரு மில்லிலிட்டர் நறுமண எண்ணெய் என்பது சுமாராக 20 சொட்டு. மூன்று சொட்டு என்றால் 0.15 மில்லி. அதை இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி, தேங்காய் எண்ணெயில் கலந்தால் கிடைப்பது 0.5 சதவீதம். குயின்ஸ்லாந்துக் குழந்தைகளுக்குப் பூசியது 10 சதவீதம். இருபது மடங்கு வித்தியாசம். ஷாம்பூவில் விட்டு இரண்டு நிமிடத்தில் அலசிவிட்டால் இன்னும் மோசம், பேனுக்கு வாசனைக் குளியல்தான்.

சரி, அப்படியானால் 10 சதவீதம் கலந்துவிடலாமே என்று பாட்டிலைக் கவிழ்க்க வேண்டாம். 30 மில்லி எண்ணெயில் 3 மில்லி, அதாவது அறுபது சொட்டு, ஒரு குழந்தையின் உச்சந்தலையில் என்றால் அது சாதாரண விஷயமில்லை. தரம் தெரியாத, எப்போது திறந்தது என்று நினைவில்லாத பாட்டிலிலிருந்து என்றால் நான் செய்ய மாட்டேன். வேண்டுமானால் பேனுக்கென்றே தயாரித்து, அளவும் நேரமும் வயதும் அச்சிட்ட மருந்தை வாங்குங்கள். சொட்டுக் கணக்கு வைத்தியம் ஒன்று பலிக்காது, இல்லையென்றால் எரியும்.

எங்கே ஆபத்து?

டீ ட்ரீ எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். கெட்டுப்போன எண்ணெய்தான் தோலில் ஒவ்வாமையை அதிகம் கிளப்புகிறது. குளியலறை ஜன்னலோரம் ஒரு வருடமாக நின்ற பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். புதிய பாட்டிலானாலும், கலந்ததை முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

தோலைவிட வயிறு பெரிய ஆபத்து. நீலகிரித் தைலமோ டீ ட்ரீ எண்ணெயோ சிறு பிள்ளை ஒரு மடக்கு குடித்துவிட்டால் தள்ளாட்டம், மயக்கம், நீலகிரித் தைலமானால் வலிப்பு வரை போகலாம். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கற்பூரமும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தலையில் தேய்ப்பது நம் வீடுகளில் சகஜம், ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு உண்டாக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை விட்டுவிடுவதுதான் புத்தி.

சீத்தாப்பழ விதை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பேனைக் கொல்லும் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். பேனுக்குப் பூசப்போய்க் கண்ணோடு மருத்துவரிடம் வந்தவர்களைப் பற்றிக் கண் மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம், தோலும் வேகும், அடுப்புப் பக்கம் போனால் தலையே பற்றிக்கொள்ளும். நறுமண எண்ணெய்களும் தீப்பற்றக்கூடியவைதான். பூசிய தலையோடு விளக்குப் பக்கமோ ஹேர் டிரையர் பக்கமோ போகக் கூடாது.

லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய்கள் சிறுவர்களுக்கு மார்பு வீக்கம் உண்டாக்குகின்றன என்ற பேச்சைக் கேட்டிருக்கலாம். 2007இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் மூன்று சிறுவர்களைப் பற்றி வந்த கட்டுரைதான் அதன் தொடக்கம். பிறகு அதை மறுத்தும் எழுதினார்கள், விவாதம் ஓயவில்லை. மாதக்கணக்கில் தினமும் தேய்ப்பதைப் பற்றிய கவலை அது. பேனுக்காக மூன்று தடவை பூசுவதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் கீழே, கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், தலையில் சொறிந்து புண் வைத்திருப்பவர்கள்: இவர்களுக்கு நறுமண எண்ணெய் வேண்டாம். சீப்பு போதும்.

சீப்பு

எந்த எண்ணெய் வாங்கினாலும் அதோடு நெருக்கமான பல்லுள்ள ஒரு பேன் சீப்பு வாங்குங்கள். உலோகப் பல் இருந்தால் நல்லது, பிளாஸ்டிக் பல் விலகிக்கொடுத்துவிடும். தலையை நனைத்து, கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தடவி, சாதாரணச் சீப்பால் முதலில் சிக்கெடுத்துவிடுங்கள். முடியை நாலு பாகமாகப் பிரித்து, பேன் சீப்பை மண்டைத் தோலில் படுமாறு வைத்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பழுப்பாக, கால் அசைத்துக்கொண்டு கிடப்பது பேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கூடுதல் கவனம், அங்கேதான் குடியிருப்பு அதிகம். நீள முடியென்றால் ஒரு படம் பார்த்து முடிக்கும் நேரம் ஆகும். பிள்ளைக்கு ஏதாவது படம் போட்டுவிட்டு உட்காருவது உத்தமம்.

ஊதினாலோ தட்டினாலோ உதிர்ந்தால் அது பொடுகு. நகத்தால் பிடித்து இழுத்தால்தான் வரும் என்றால் ஈர். தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி, வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் ஓடு. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் ஓடும் முடியோடு நகர்ந்துவிடுகிறது. நம்மைப் போன்ற வெயில் ஊர்களில் கொஞ்சம் தள்ளியும் உயிருள்ள ஈர் இருக்கலாம் என்பதால், ஈரை எண்ணிக்கொண்டிருப்பதைவிட உயிருள்ள பேன் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரம் வாருங்கள். அப்புறமும் ஒரு தடவை பார்த்து, எதுவும் கிடைக்கவில்லை என்றால் முடிந்தது.

வீட்டில் எல்லாருடைய தலையையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள், பாட்டியையும் சேர்த்து. யாரிடம் உயிருள்ள பேன் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் அன்றைக்கே வைத்தியம். தலையணை உறை, துண்டு இவற்றைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும், வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டியதில்லை.

மூன்று தடவை ஒழுங்காகப் பூசி, வாரியும் உயிருள்ள பேன் கிடைத்துக்கொண்டே இருந்தால், அல்லது மண்டையில் சீழ் வைத்தோ பிடரியில் நெறி கட்டியோ இருந்தால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் அவர்கள் கையில் இருக்கின்றன. மாத்திரையாகக் கொடுப்பதென்றால் குழந்தை 15 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், அதையும் ஒரு வாரம் பத்து நாள் கழித்து இரண்டாம் தடவை கொடுப்பார்கள்.